கோரிக்கைகள் அனைத்தும் ஏற்கப்பட்டன

“நீங்களே எல்லாத்தையும் முடிவு பண்ணுங்க” என்று மனைவி சொன்னபோதுதான் செயலாளருக்கு மூக்கில் வியர்த்தது.

அதுவரை அவள் சொன்னதில் குற்றம் காண ஒன்றும் இல்லை. தேயிலை விளையும் அந்தச் சின்ன மலை ஊருக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்றாள். அங்கே குளிராக இருக்குமாம், பார்க்கிற பக்கமெல்லாம் பச்சையாம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் வருகிறாளாம். இதையெல்லாம் காலைத் தேநீரை அவர் கையில் கொடுத்தபடியே சொன்னாள். அவர் ஒரு வாய் குடித்தார். இனித்தது. டாக்டர் கண்டித்த நாளிலிருந்து அந்த வீட்டுத் தேநீரில் சர்க்கரை டப்பாவின் நிழல்கூட விழுந்ததில்லை. இன்றைக்கு மட்டும் எதற்கு இனிப்பு?

செயலாளர் பஸ் டெப்போ பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டெப்போ தொழிலாளர் சங்கத்துக்குப் பல காலம் செயலாளர். பதவி போய்விட்டது, பெயர் மட்டும் பால்காரர் வாயிலும் பல் டாக்டர் வாயிலும் தங்கிவிட்டது. சங்க அலுவலகச் சுவரில் இருந்த அவர் புகைப்படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் புதிய செயலாளர் தன் மழைக்கோட்டை மாட்டுகிறார். நன்றி கெட்ட உலகம். இதைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதி, அச்சடிக்க ஆள் கிடைக்காமல் வைத்திருந்தார்.

மனைவிக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘நிர்வாகம்’. மனசுக்குள் மட்டும்தான். நேரில் சொல்கிற அளவுக்கு எந்தச் சங்கமும் இன்னும் பலப்படவில்லை.

நிர்வாகத்தைப் பற்றி அவருக்கு ஒரு பட்டறை அனுபவம் உண்டு. கேட்டவுடன் கொடுத்தால் அதில் வில்லங்கம் இருக்கும். ஒரு முறை கேண்டீனுக்கு மின்விசிறி வேண்டும் என்று கேட்டார்கள். மேனேஜர் சிரித்த முகத்தோடு அன்றைக்கே மாட்டிக் கொடுத்தார். தொழிலாளர்கள் கைதட்டினார்கள். மறுநாள் பார்த்தால் கேண்டீனைக் காணோம். அந்த அறையில் மேனேஜர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் செயலாளருக்கும் அந்த ஊருக்குப் போக ஆசை. சாதாரண ஆசை இல்லை. வெளியே சொல்ல முடியாத ஆசை.

இளமையில் அவர் அங்கே போயிருக்கிறார். பறித்த இலையை எடை போடும்போது ஈரம் என்று சொல்லி ஒரு கழிவு, கூடை என்று சொல்லி ஒரு கழிவு, கங்காணிக்குக் கோபம் என்றால் அதற்கும் ஒரு கழிவு. நல்ல இலை கப்பலேறும். பறித்தவள் வீட்டுக்குக் குப்பைத்தூள் போகும். அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தியபோது டெப்போ சங்கத்தின் சார்பில் ஆதரவு சொல்லப் போனவர் இவர்தான். கொட்டுகிற மழையில் எடைக் கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த கூடை மேல் ஏறிப் பேசினார். போராட்டம் ஜெயித்தது. கொட்டகை முன்னால் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, தன் கையாலேயே சிமெண்ட் குழைத்துப் போட்டு, சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு வந்தார். இந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். திரும்பிப் போகிற ஆசை மட்டும்தான் ரகசியம்.

டெப்போவில் அவர் பெயர் சொல்ல ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. அந்தக் கம்பமாவது நிற்கிறதா? சாகிறதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பார்க்கலாம்தான். ஆனால் நிர்வாகம் கொண்டுவந்த தீர்மானத்துக்கு உடனே கை தூக்கினால் அவர் என்ன செயலாளர்? அவள் கெஞ்ச வேண்டும். இவர் மறுக்க வேண்டும். மறுபடி கெஞ்ச வேண்டும். கடைசியில் “சரி, உனக்காக” என்று பெரிய மனசு பண்ணிக் கிளம்ப வேண்டும். அவர் போட்ட திட்டம் இது. அதற்குள்தான் இந்த இனிப்புத் தேநீர் வந்து விழுந்தது.

முதல் வேலையாக உளவு பார்க்கக் கிளம்பினார். சட்டைப் பித்தானைத் தானே பிய்த்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்த அம்மாவின் புருஷன் பழைய கண்டக்டர். சங்கத்தில் இவருக்குப் பின்னால் நின்று கோஷம் போட்டவர். இப்போது தெருமுனைக் கடையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார்.

மிஷின் மேல் தடித்த துணியில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ தைபட்டுக்கொண்டிருந்தது.

“இது என்னம்மா, யானைக்குக் காலுறையா?”

“அட்டை கடிக்காம இருக்கண்ணே. தேயிலைக் காட்டுல கால் வெச்சா கூட்டமா ஏறுமாம்.”

“யாருக்கு?”

“கால் இருக்கிறவங்களுக்கு.”

கொடியில் இரண்டு மழைக்கோட்டுகள் தொங்கின.

“இது எதுக்கு?”

“மழைக்குத்தாண்ணே.”

“எனக்கு எங்கே?”

“உங்களுக்கு அளவெடுக்கணும்னா நீங்க கொஞ்ச நேரம் கையை ஆட்டாம நிக்கணுமே. நிப்பீங்களா?” என்று சிரித்தபடி அவள் பித்தானைத் தைத்துக் கொடுத்தாள். அதுவும் இறுக்கமாக, கழுத்தை நெரிக்கிற மாதிரி.

தயாரிப்பு இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அப்புறம் இவர் எதை முடிவு பண்ண? செயலாளர் அன்று சாயங்காலமே பேச்சுவார்த்தைக்கு அழைப்பு விடுத்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நிர்வாகம் எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தது.

“முதல் கோரிக்கை. பஸ்லதான் போகணும். வாழ்நாள் முழுக்க பஸ்ஸுக்காக உழைச்ச கை இது. ரயில்ல ஏறினா என் ஸ்பானரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

“சரிங்க.”

இதை எதிர்த்து அவள் பேசுவாள் என்று நம்பி பதிலுக்குப் பெரிய உரையே தயார் பண்ணி வைத்திருந்தார்.

“என்ன சரி?”

“பஸ்லயே போலாம்.”

“மலைப் பாதை. கொண்டை ஊசி வளைவு. உனக்குத் தலை சுத்தும்.”

“சுத்தட்டும்.”

“வாந்தி வரும்.”

“வரட்டும். நீங்கதான் பக்கத்துல இருப்பீங்களே.”

செயலாளர் தன் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார். தையல்காரம்மா இன்னொரு பக்கம் உட்காருவாள் என்பதும் நினைவுக்கு வந்தது. ஓகோ, கதை இப்படிப் போகிறதா?

“பஸ் கிடையாது! ரயில். அந்தச் சின்ன மலை ரயில்லதான் போகணும்.”

“உங்க இஷ்டங்க” என்று அவள் இன்னொரு பீன்ஸை எடுத்தாள்.

“ரெண்டாவது கோரிக்கை. ஞாயித்துக்கிழமை போய்ச் சேரணும். திங்கட்கிழமை முதல் வேலையா ஃபாக்டரியைப் பார்க்கணும். தொழிலாளி வேலை செய்யற இடத்தைப் பார்த்துட்டுத்தான் மத்த வேடிக்கையெல்லாம்.”

“ரொம்ப நல்ல யோசனைங்க.”

ரொம்ப நல்ல யோசனையா! கல்யாணமான நாளிலிருந்து அவருடைய எந்த யோசனைக்கும் இந்தப் பட்டம் கிடைத்ததில்லை. மறுநாள் அந்த ஊர்த் தேயிலை ஃபாக்டரிக்கே ஃபோன் போட்டுத் துருவி விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு கிடையாது. அதனால் திங்கட்கிழமை இலை இல்லை, மிஷின் ஓடாது என்றார்கள். தூங்குகிற மிஷினைக் காட்டி இவரை ஏமாற்றப் பார்த்தார்களா? அது நடக்காது. பயணத்தை வாரத்தின் நடுவுக்கு மாற்றினார். எந்த நேரத்தில் இலையை வாட வைப்பார்கள், எந்த நேரத்தில் உருட்டுவார்கள், பனி எப்போது விலகும், வெளியூர் ஆட்கள் எத்தனை மணிக்குள் உள்ளே போக வேண்டும், எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

“புதன்கிழமை!” என்று வீட்டில் அறிவித்தார்.

“புதன்கிழமைன்னா புதன்கிழமை. உங்களுக்குத் தெரியாததா?” என்றது நிர்வாகம்.

மூன்றாவது கோரிக்கைதான் கொள்கைப் பிரச்சினை. அந்த ஊரில் தங்க இரண்டே இடம். ஒன்று, தோட்டத்துத் துரைமார் காலத்துப் பழைய பங்களா. இப்போது அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். இன்னொன்று, மார்க்கெட் பக்கத்தில் ஒரு லாட்ஜ்.

“துரை குறட்டை விட்ட அறையில நான் படுக்க மாட்டேன். அவன் குடிச்ச ஒவ்வொரு கோப்பையும்...”

“தெரியுங்க. ஒவ்வொரு கோப்பையிலயும் பறிக்கிறவங்க வேர்வை. தினமும் காலையில டீ கொடுக்கிறப்ப சொல்றீங்களே.”

“சொல்லாம? சொல்லித்தான் ஆகணும்! லாட்ஜ்ல தங்கறோம்.”

“சரிங்க, லாட்ஜே இருக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரம்மா குரல் கேட்டது: “மார்க்கெட் பக்கமா அக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு!”

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்க்கெட் பக்கத்தில் தங்கினால் ஃபாக்டரியாவது, எடைக் கொட்டகையாவது! இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இவர் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்க வேண்டும்.

“பங்களா!” என்று மேஜையைத் தட்டினார்.

“துரை தூங்கின இடமாச்சேங்க.”

“அதனாலதான்! எதிரியோட கோட்டைக்குள்ள புகுந்து, அவன் நாற்காலியில உட்கார்ந்து, அவன் பார்த்த மலையை நாம பார்க்கணும். அதுவும் ஒரு போராட்டம்தான்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் வருத்தம் இருந்ததாகத்தான் செயலாளருக்குப் பட்டது. ஜெயித்துவிட்டார்! உற்சாகத்தில் பங்களா வாட்ச்மேனை ஃபோனில் பிடித்தார். வெந்நீர் எப்போது வரும்? கம்பளி உலர்ந்ததா, ஈரமா? கூரை ஒழுகுமா? ஒழுகினால் எந்தக் கட்டிலுக்கு மேல்? ஜன்னல் எந்தத் திசை? உமக்குச் சங்கம் உண்டா? வாட்ச்மேன் அந்த ஃபோனை வைத்த பிறகு வேலையில் நீடிப்பதா வேண்டாமா என்று யோசித்திருப்பார். ஆனால் மலையைப் பார்த்த மூலை அறை கிடைத்தது.

இப்படியாக, ஒரு துளைகூட இல்லாத திட்டம் தயாரானது. செயலாளர் யாருக்கும் தெரியாமல் தன் பையையும் தயார் பண்ணினார். அதற்குள் ஒரு சின்ன டப்பா பெயிண்ட், ஒரு பிரஷ், மடித்து வைத்த புத்தம் புதிய சிவப்புக் கொடி. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இனி அவள் கெஞ்சுவதற்காகக் காத்திருந்தார்.

அவள் கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டிய கட்டத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். போகிற நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சந்தேகம் முற்றியது. இவ்வளவு விட்டுக் கொடுக்கிற நிர்வாகம் பதிலுக்கு எதைப் பிடுங்கப்போகிறது?

புறப்படுகிற நாளுக்கு முந்தின காலையில் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. சரியாக ஜன்னலுக்குக் கீழே தையல்காரம்மா பேசினாள்.

“அண்ணன் இல்லாம நாம போக முடியுமாக்கா? பெட்டியெல்லாம் யார் தூக்குவா? பங்களா மேட்டு மேல இருக்காமே!”

“மெதுவாப் பேசு” என்றாள் மனைவி, சத்தமாக.

கன்னத்தில் பாதி நுரையோடு செயலாளர் உறைந்து நின்றார். அதுதானே பார்த்தேன்! இனிப்புத் தேநீர் எதற்கு, “உங்க இஷ்டங்க” எதற்கு, எல்லாம் இதற்குத்தான். சுமைதூக்கி! சுமைதூக்குகிறவனுக்காக வாழ்நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவனை, சொந்த வீட்டிலேயே கூலி இல்லாத சுமைதூக்கி ஆக்கப் பார்க்கிறார்கள்!

இதற்கு அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. புறக்கணிப்பு. டெப்போவில் அவருக்கு நடந்த பிரிவு உபசார விழாவையே புறக்கணித்தவர் அவர். அழைப்பிதழில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று. விழா நின்றுவிடும் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் காலி நாற்காலிக்கு மாலை போட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கண்டக்டர் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தாராம். அதனால் என்ன? ஆயுதத்தில் பழுதில்லை. அன்றைக்கு எதிரிகள் வெட்கம் கெட்டவர்கள்.

புதன்கிழமை விடிந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெண்களும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். செயலாளர் வாசற்படியில் ஏறி நின்றார். வாயிற்கூட்டம்.

“இந்தப் பயணத்தை நான் புறக்கணிக்கிறேன்!”

தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

“என்னங்க இது, கடைசி நேரத்துல?” என்றாள் மனைவி.

“உழைப்புச் சுரண்டலுக்கு நான் உடன்பட மாட்டேன். என் முடிவுல மாற்றம் இல்லை!”

மாற்றம் இருந்தது. ஒரே ஒரு “வாங்களேன்” போதும். கண்ணில் ஒரு துளி நீர்கூட வேண்டாம். குரல் கொஞ்சம் கம்மினால் போதும். கட்டிலுக்கு அடியில் பை தயாராக இருந்தது.

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணிக்கொண்டாள்.

“உங்க கொள்கைக்கு நான் என்னைக்குங்க குறுக்க நின்னேன்?” என்றாள். “சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாவி ஆணியில. செடிக்குத் தண்ணி ஊத்துங்க.”

“பெட்டியை யார் தூக்குவா?” என்று செயலாளர் கடைசி அஸ்திரத்தை வீசினார்.

“சக்கரம் வெச்ச பெட்டிண்ணே” என்று தையல்காரம்மா ஒரு விரலால் இழுத்துக் காட்டினாள். அது நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே ஓடியது.

ஆட்டோ கிளம்பியது. தெருமுனையில் நின்றுவிடும் என்று பார்த்தார். நிற்கவில்லை. திரும்பும் என்று பார்த்தார். திரும்பவில்லை. ஆட்டோப் புகையும் கலைந்தது.

செயலாளர் வீட்டுக்குள் போனார். சுவரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அந்தக் கம்பம் நிற்கிறதா? இப்போது போகாவிட்டால் இனி எப்போது? சட்டென்று ஒரு வழி தோன்றியது. புறக்கணிப்பு புறக்கணிப்பாகவே இருக்கட்டும். பயணியாகத்தானே போகக் கூடாது? திட்டம் சரியாக அமலாகிறதா என்று மேற்பார்வை பார்க்கும் குழுவாகப் போகலாமே! பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

“யோவ் கண்டக்டர்! என் சீட்டு எந்தப் பெட்டியில? சீக்கிரம் சொல்லு!”

“எந்த சீட்டு தலைவரே?”

“ரயில்லய்யா! மலை ரயில்ல! நீதானே டிக்கெட் போட்டே?”

“நான் போட்டது ரெண்டுதானே.”

“ரெண்டா?”

“அக்காவுக்கும் எங்க வீட்டுக்காரிக்கும்.”

“என் டிக்கெட்?”

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “நானும் கேட்டேன் தலைவரே. ‘அவர் கடைசியில புறக்கணிச்சிடுவாரு, எதுக்கு ஒரு டிக்கெட்டை வீணாக்கணும்’னு அக்கா சொன்னாங்க.”

“எப்ப சொன்னா?”

“அது ஆச்சு ரொம்ப நாள். உங்களுக்குச் சர்க்கரை போட்டு டீ கொடுத்தாங்களாமே, அதுக்கு முந்தின நாள்.”

செயலாளரின் தோளிலிருந்து பை நழுவியது.

“அன்னைக்கே ரயிலா?”

“ரயில்தான்.”

“புதன்கிழமையா?”

“இதே புதன்கிழமைதான் தலைவரே. பங்களாவில மலை பார்த்த மூலை அறை வேணும்னும் சொல்லிட்டிருந்தாங்க. ஆனா அந்த வாட்ச்மேன் லேசுல கொடுக்க மாட்டானாம். ‘அதுக்கு ஆள் இருக்கு, நான் பார்த்துக்கிறேன்’னாங்க.”

“கருங்காலி! இவ்வளவு நாள் எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பேச்சுவார்த்தை நடக்கிறப்ப மூணாவது ஆள் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?” என்று கண்டக்டர் பாவமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு உங்க மேல கோபமெல்லாம் இல்ல. ‘தேயிலை விளையற இடத்துல உட்கார்ந்து, ஒரே ஒரு கப் டீயாவது சொற்பொழிவு இல்லாம குடிக்கணும்’னாங்க. அவ்வளவுதான்.”

அன்றும் மறுநாளும் செயலாளர் யாரோடும் பேசவில்லை. செடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். இதே சமயத்தில் அவர்கள் ஃபாக்டரியில் இலை வாடுகிற வாசனையை நுகர்ந்துகொண்டிருப்பார்கள். நேரம் குறித்துக் கொடுத்தவர் இவர். மலை பார்த்த ஜன்னலைத் திறந்திருப்பார்கள். சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவர் இவர்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்டக்டர் தனியாக இருப்பவருக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“ம்.”

“உங்க திட்டம் பிரமாதங்க. ஒரு இடத்துல கூடக் காத்திருக்க வேண்டியே வரல. நீங்க வரலைன்னதும் வாட்ச்மேனுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.”

செயலாளர் எதையும் கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார். நாக்கு அதைப் புறக்கணித்தது.

“அந்த... எடைக் கொட்டகைப் பக்கம் போனீங்களா?”

“போகாமலா? முதல்ல அங்கதான் போனோம். பங்களாவுக்குக் கீழதானே இருக்கு.”

“கம்பம்?”

“நிக்குதுங்க.”

“நிக்குதா!”

“நீங்க போட்ட சிமெண்ட் ஒரு விரிசல் இல்லாம அப்படியே இருக்கு. நான் கையால தொட்டுப் பார்த்தேன்.”

செயலாளருக்குக் கண் கலங்கியது. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது.

“கொடி... கொடி ஏதாவது இருக்கா?”

“இப்ப ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டேதான் பேசறேன். செக்கச் செவேல்னு, காத்துல என்னமாப் பறக்குது தெரியுமா!”

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்தது. வலது கை தானாக முஷ்டியானது. கண்டக்டரைப் பார்த்து, “எழுந்து நில்லுய்யா!” என்று அதட்டினார். என்ன ஏது என்று தெரியாமலே கண்டக்டரும் விறைப்பாக எழுந்து நின்றார்.

“இவ்வளவு வருஷம் கழிச்சும் பறக்குதா? யார் ஏத்தினாங்கன்னு விசாரிச்சியா?”

“நான்தாங்க” என்றாள் மனைவி. “நேத்து மழையில எல்லாம் நனைஞ்சு போச்சு. அங்க இருக்கிறவங்க துணி காயப்போட உங்க கம்பத்துலதான் கயிறு கட்டியிருக்காங்க. அது என்னோட உள்பாவாடை.”